680 வெள்ளி போயிற்று: இணையவழித் தோட்டா நிரப்பும் பயிற்சி பற்றி ஓர் எச்சரிக்கை

இன்னும் கை நடுங்குகிறது. 680 சிங்கப்பூர் வெள்ளி கட்டி, என் தம்பியின் உயிருக்கு உலை வைக்கும் அறிவுரையை வாங்கியிருக்கிறோம். அந்த ஆள் இன்றைக்கும் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார். நீங்களோ உங்கள் வீட்டார் யாருமோ மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி டெக்சஸில் இருக்கிறான், கிரீன் கார்டு உள்ளவன். அங்கே சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருக்கிறான்; வார இறுதியில் சுடுதளத்துக்குப் போவான். காலித் தோட்டாக் கூடுகளில் தானே வெடிமருந்து நிரப்பிப் புதுத் தோட்டா செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அதற்காகத் தீபாவளிப் பரிசாக, இங்கே சிங்கப்பூரில் தனிப்பயிற்சிகள் விற்கும் ஓர் இணையத் தளத்தில் காணொளி வகுப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பயிற்றுநர் நம்மவர். தொலைபேசியில் நல்ல தமிழில் பேசினார். தேசிய சேவையில் ஆயுதப் பயிற்சி கொடுத்தவர் என்றார். “அக்கா, உங்கள் தம்பி எனக்கும் தம்பிதான். ஒரு குறையும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் பேநவ் என்ற வங்கிப் பணமாற்றுச் சேவை வழியாக 680 வெள்ளியை அப்போதே அனுப்பினேன்.

தம்பியின் மாமனார் வீட்டுக் கொட்டகையில் பழைய ஷாட்கன் வெடிமருந்து டப்பாக்கள் சில கிடந்தன. லேபிள் பாதி அழிந்திருந்தது. அதைக் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் பயன்படுத்தலாமா என்று வகுப்பில் கேட்டிருக்கிறான். ஒழுங்கான ஆசிரியராக இருந்தால் “தொடாதே” என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். இவரோ, “இரண்டும் வேகமாக எரியும் மருந்துதான், தாராளமாகப் போடலாம். பழையது என்றால் வீரியம் குறைந்திருக்கும், கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்” என்று சொல்லியிருக்கிறார். கூட்டிப் போடுங்களாம்!

அவனுடைய சுடுதளத்தில் இருக்கும் முதியவர் ஒருவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் தடுத்திருக்கிறார். புளித்த அமில நெடி. மூடியின் உட்பக்கம் செம்பழுப்புத் தூசி. வெடிமருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் சிதைகிறது என்பதற்கு அவையே அடையாளங்கள். சிதையாமல் காக்க அதில் சேர்க்கும் நிலைப்படுத்தும் பொருள் தீர்ந்த மருந்து தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். யூனிக், ரெட் டாட் போன்ற சில மருந்துகள் இரண்டு வகைத் துப்பாக்கிக்கும் பயன்படுவது உண்மைதான். அந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் இந்த ஆள் பேசியிருக்கிறார். ஆனால் எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு என்பதை மருந்தைத் தயாரித்த நிறுவனம் தனித்தனியே அட்டவணை போட்டுத் தருகிறது. 12 கேஜ் என்ற அளவுள்ள ஷாட்கன் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 35,000. ஒன்றுக்கான அளவு மற்றதற்குப் பொருந்தாது. பெயரே தெரியாத மருந்தைக் குத்துமதிப்பாகக் கூட்டிப் போட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கக்கூடும். என் தம்பிக்கு இரண்டு சிறு பிள்ளைகள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் “கூட்டத்தில் இருக்கிறேன் அக்கா, பிறகு பேசுகிறேன்”. அடுத்து “வகுப்பு தொடங்கிவிட்டால் பணம் திரும்பாது, விதிமுறையைப் படியுங்கள்”. அவர் சொன்ன அறிவுரை ஆளைக் கொன்றிருக்கும் என்று எழுதினேன். “அது பொதுவான தகவல், முடிவு மாணவருடையது” என்று பதில் வந்தது. அதன் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். இணையத் தளமோ “சேவை வழங்கப்பட்டுவிட்டது, உங்கள் புகார் முடிக்கப்பட்டது” என்று இரண்டு வரியில் கைகழுவியது. 680 வெள்ளிக்கு இரண்டு வரி!

உரிமமில்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே ஆயுதக் குற்றச் சட்டத்தின்கீழ் 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கும் ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு வீட்டில் தோட்டா நிரப்பும் கலையை இவர் எங்கே பழகினார் என்று அந்தத் தளம் ஒருமுறையாவது கேட்டதா?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. சுருக்கமாக: வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு இப்படிப்பட்ட வகுப்பை இங்கிருந்து வாங்காதீர்கள், அந்த ஊர்ச் சுடுதளத்திலேயே கற்கட்டும். லேபிள் இல்லாத, நெடி அடிக்கும் மருந்தை யார் சொன்னாலும் நிரப்ப வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் ஏற்கிறது. என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. நாளை மனு போடுகிறேன். இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதையும் உரையாடல்களையும் அழித்துவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.