7 லேயர் கோட்டிங்: பில்லில் இருந்தது, பெயின்ட்டில் இல்லை

காலை 10 மணிக்கு விட்ட வண்டி, மதியம் இரண்டரைக்கு ரெடி. பில் 7,200 ரூபாய். வாட்டர் வாஷ், கிளே (பெயின்ட்டில் ஒட்டிய துகள்களை எடுக்கும் களிமண் போன்ற கட்டி), மெஷின் பாலிஷ், கார்னோபா வேக்ஸ் 2 கோட், அதன் மேல் சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) 4 கோட், கடைசியாக ‘ஃபினிஷிங் ஷைன்’ 1 கோட். ஆக மொத்தம் 7 லேயர், ஆறு மாத வாரன்ட்டி. வண்டி கருநீல ஹேட்ச்பேக், மூன்று வயது, பகலெல்லாம் வெயிலில் நிற்பது.

ஐந்தாவது வாரம், நான்காவது கழுவலில், ரூஃபில் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது. பாலிஷில் போய்விட்டதாகச் சொன்ன வட்டக் கீறல்கள் டார்ச் வெளிச்சத்தில் சிலந்தி வலை மாதிரி திரும்பவும் தெரிந்தன. கடையில் கேட்டதற்கு வந்த பதில்: “ஷாம்பு போட்டுக் கழுவியிருக்கீங்க சார், அதான் போயிடுச்சு.” கார் ஷாம்புக்கே தாங்காத ஒன்றுக்குத்தான் ஆறு மாத வாரன்ட்டி.

இந்தப் பில்லைக் கடிகாரத்தோடு சேர்த்து ஒருமுறை படித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். சின்ன வண்டியை ஒழுங்காகக் கழுவித் துடைக்க முக்கால் மணி நேரம். கிளே பார் தேய்க்க இன்னொரு முக்கால் மணி. மெஷினில் ஒரே ஒரு ஸ்டெப் பாலிஷ் போட்டாலும் மூன்று மணி நேரம் வேண்டும். இதிலேயே நாலரை மணி நேரம் தீர்ந்துவிட்டது. சீலன்ட் ஒரு சொட்டுகூட இன்னும் பாட்டிலை விட்டு வெளியே வரவில்லை. பாலிமர் சீலன்ட்களில் பல, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே 12 முதல் 24 மணி நேரம் காயக் கேட்பவை. ஒரு மணி நேரம் போதும் என்கிற ரகங்களும் உண்டு. அந்தச் சலுகையைக் கொடுத்தால்கூட நான்கு கோட்டுக்கு நடுவே மூன்று மணி நேரம் வண்டி சும்மா நின்றிருக்க வேண்டும். எப்படிப் போட்டாலும் கணக்கு உதைக்கிறது.

அதைவிடப் பெரிய கோளாறு வரிசையில். ‘வேக்ஸ் பெயின்ட்டுக்கு ஈரம் கொடுக்கும், அது ஆவியாகாமல் சீலன்ட் பூட்டும்’ என்று விளக்கம் வேறு சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைய கார்களில் மேலே இருப்பது கிளியர் கோட் என்னும் இறுகிய பிளாஸ்டிக் படலம். அதற்கு ஈரமும் வேண்டாம், ஊட்டமும் வேண்டாம். சீலன்ட் செயற்கைப் பாலிமர். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத சுத்தமான கிளியர் கோட்டை நேராகப் பிடித்தால்தான் அதற்கு ஆயுள். கார்னோபா வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு. தனியாக அது கெட்டியாக, நொறுங்கும்படி இருக்கும் என்பதால் கரைப்பான், எண்ணெய், வேறு மெழுகுகள் எல்லாம் சேர்த்துக் குழைத்துத்தான் டப்பாவில் வருகிறது. அதன் மேல் சீலன்ட் போட்டால் அது பிடிப்பது மெழுகைத்தான், பெயின்ட்டை இல்லை. எண்ணெய் தடவிய சுவரில் சுண்ணாம்பு அடிப்பதுபோல. மெழுகு கழன்று வரும்போது மேலே இருப்பதும் கூடவே வந்துவிடும். சீலன்ட் கீழே, வேக்ஸ் மேலே. தலைகீழாக எழுதிய பில்லைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான்கு கோட் போட்டால் நான்கு மடங்கு தடிமன் என்பதும் கதைதான். துடைத்து எடுத்த பிறகு பெயின்ட்டில் நிற்கும் சீலன்ட் படலம் ஒரு மைக்ரான்கூடத் தேறாது. கிளியர் கோட்டே பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான். அடுத்த கோட்டில் இருக்கும் கரைப்பான் முந்தைய கோட்டைக் கொஞ்சம் இளக்கித் தன்னோடு கலந்துகொள்ளும், மிச்சத்தைத் துணி எடுத்துவிடும். இரண்டாவது கோட்டின் உண்மையான வேலை, முதல் கோட்டில் கை தவறிய இடங்களை அடைப்பது. டோர் ஹேண்டில் குழிவு, மிரருக்குப் பின்பக்கம், ரூஃபின் நடுவில் கை எட்டாத பட்டை, இவைதான் எப்போதும் விட்டுப்போகும். மூன்றும் நாலும் பில்லுக்காக.

ஒரு பேச்சுக்கு இதையெல்லாம் சரியாகவே செய்திருந்தாலும் கடைசியில் போட்ட ‘ஃபினிஷிங் ஷைன்’ அத்தனையையும் வழித்திருக்கும். அது என்ன சரக்கு என்பதை நம்பர் பிளேட் இடுக்கும் பின்பக்க எழுத்துகளின் ஓரமும் காட்டிக்கொடுத்தன. வெறும் வேக்ஸ் மிச்சம் நின்றால் நகத்தால் கீறும்போது பெரும்பாலும் மெழுகாகச் சுருண்டு வரும். இங்கே சுண்ணாம்புத் தூள்போல் உதிர்ந்தது. வைப்பரின் அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் அதே வெள்ளைப் புள்ளிகள், மெஷினிலிருந்து தெறித்தவை. அதாவது கிளீனர் வேக்ஸ்: நுண்ணிய தேய்பொருளும் அழுக்கு நீக்கும் கரைப்பானும் கலந்தது. பழைய வேக்ஸையும் சீலன்ட்டையும் எடுத்துவிடக்கூடிய பொருளை எல்லாவற்றுக்கும் மேலே போட்டிருக்கிறார்கள். பாட்டிலில் ‘கிளீனர்’, ‘த்ரீ இன் ஒன்’, ‘பாலிஷ் அண்ட் வேக்ஸ்’, ‘ஸ்விர்ல் ரிமூவர்’ என்று எது எழுதியிருந்தாலும் அது முதலில் வர வேண்டியது. வீட்டில் செய்கிறவர்களும் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். நல்ல சீலன்ட் வாங்கிப் போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து பளபளப்புக்காக இதை எடுத்துத் தேய்ப்பார்கள்.

கீறல் திரும்பி வந்ததற்கும் இதே ரகம்தான் காரணம். அந்தச் சரக்கில் இருக்கும் எண்ணெயும் நிரப்பிகளும் கீறல் பள்ளத்தை அடைத்து மறைக்கும். நாலு கழுவலில் பள்ளம் காலியாகும். கீறலை உண்மையில் எடுக்க வேண்டுமென்றால் கிளியர் கோட்டைச் சில மைக்ரான் சமன் செய்தாக வேண்டும். அதனால்தான் ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவச ரப்பிங்’ என்கிற சலுகையும் ஆபத்து. இலவசமாகத் தேய்ந்துகொண்டிருப்பது உங்கள் கிளியர் கோட்.

தண்ணீர் முத்துப்போல் உருள்வதைக் காட்டி ஏமாற்றுவது சுலபம். டாஷ்போர்டு பாலிஷ் தடவினாலும் உருளும், தேங்காய் எண்ணெய் தடவினாலும் உருளும். டெலிவரி எடுக்கும்போது ஸ்பிரே அடித்துக் காட்டும் வித்தையை நம்ப வேண்டாம். வீட்டுக்கு வந்து முதல் வாரத்திலேயே பானெட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு பாதியை மட்டும் கிளீனர் வேக்ஸால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலவையால் (அளவு கீழே) துடையுங்கள். அந்தப் பாதி இப்போது கிட்டத்தட்ட வெறும் பெயின்ட். டேப்பை எடுத்துவிட்டு, சாதாரண கார் ஷாம்பு போட்டு இரண்டு மூன்று முறை கழுவியபின் இரண்டு பாதியிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோலப் படுத்தால் நீங்கள் காசு கொடுத்தது வெறும் பளபளப்புக்கு.

இனி, வீட்டில் செய்தால் என்ன வரிசை, எவ்வளவு சரக்கு என்பது.

கழுவுவதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு வாளி (ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் அலச வெறும் தண்ணீர்), நிழல். போர்த் தண்ணீர் என்றால் மட்டும் எந்தப் பகுதியையும் தானாகக் காயவிடாதீர்கள்; உப்புக் கறை மேல் சீலன்ட் போட்டால் கறையும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கழுவியபின் பாலிதீன் கவரை விரலில் மாட்டி பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். மணல் தாள்போல் நெருடினால்தான் கிளே தேவை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. கார் ஷாம்பு கலந்து, வழுக்கலாக நனைத்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் தேய்க்க வேண்டும். கிளே கீழே விழுந்தால் எடுத்துத் தூர எறியுங்கள், துடைத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனையே வேண்டாம். ஒரு மணல் துகள் போதும், கதவு முழுக்கக் கோடு போட.

அடுத்தது பலரும் தாண்டிப்போகும் படி, எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 150 மி.லி., பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் 850 மி.லி. கிடைப்பது 70 சதவீதம் என்றால் 200 மி.லி.க்கு 800. இதற்கு மேல் காரமாக்குவதில் லாபமில்லை. அதிகமானால் கிளியர் கோட் தற்காலிகமாக இளகி, துடைக்கிற துணியே கீறல் போடும். துணியில் அடித்து, ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து, சுத்தமான இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். ஹேண்ட் சானிட்டைசர் ஜெல் உதவாது, அதில் கிளிசரின் இருக்கும். கலவை தீப்பற்றும், அடுப்புப் பக்கம் வேண்டாம். டார்ச் அடித்துக் கீறலைப் பார்க்க வேண்டிய நேரமும் இதுதான். கடையில் கொடுத்தாலும் இந்தக் கட்டத்தில் எடுத்த போட்டோவைக் கேளுங்கள்; நிரப்பி போட்டு மறைத்திருந்தால் இங்கே பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சீலன்ட் அளவு: ஹேட்ச்பேக் முழுவதற்கும் ஒரு கோட்டுக்கு 20 மி.லி. தாராளம். 473 மி.லி. பாட்டில் ஒன்று 20 தடவைக்கு மேல் வரும். ஃபோம் பேடில் முதலில் ஐந்தாறு சொட்டு விட்டு அதைப் பதமாக்கிக்கொண்டு, பிறகு ஒரு கதவுக்கு மூன்று நான்கு சொட்டு. பூசிய இடம் பக்கவாட்டில் பார்த்தால் மூச்சு விட்ட கண்ணாடிபோல் மங்கலாகத் தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். அதிகம் போட்டால் அதிகப் பாதுகாப்பு கிடையாது, துடைக்க அரை மணி நேரம் கூடுதல், பானெட்டில் திட்டுத்திட்டாகக் கறை. 15 முதல் 30 நிமிடம் கழித்து ஓர் ஓரத்தில் விரலால் ஒரு இழுப்பு இழுங்கள். இழுத்த தடம் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் காயவில்லை. துடைக்க 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 350 கிராம்) அளவில் மைக்ரோஃபைபர் துணி. அதை ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டுத் துவைத்திருக்கக் கூடாது.

பெயின்ட் சூடு முக்கியம். புறங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் மட்டும் தொடங்குங்கள். நம் ஊர் சித்திரை, வைகாசியில் காலை 9 மணிக்குமேல் வெளியில் வேலையே ஆகாது, கரைப்பான் நொடியில் பறந்து சரக்கு கோடு கோடாக உறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நேர் எதிர்ப் பிரச்சினை: ஈரக்காற்றில் மெதுவாகக் காயும். அப்போது காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் மணிக்கணக்கு முடியும்வரை மழை, பனி, வாட்டர் வாஷ் எதுவும் படக் கூடாது. கவர் போட்டு மூடவும் வேண்டாம், அது உரசும்.

சனிக்கிழமை காலை முதல் கோட் போட்டால் ஞாயிறு காலை இரண்டாவது. அதோடு சீலன்ட் முடிந்தது. வேக்ஸ் வேண்டுமென்றால் இன்னும் ஒரு நாள் விட்டு, கிளீனர் இல்லாத வேக்ஸ் மட்டும். காயாத சீலன்ட் மேல் போட்டால் வேக்ஸில் உள்ள கரைப்பான் அதைக் கலைத்துவிடும். பேடை டப்பாவில் ஒரே ஒரு சுற்று சுற்றினால் ஒரு பகுதிக்குப் போதும். வண்டி முழுக்கப் பூசிவிட்டுத் துடைக்கலாம் என்று நினைக்காமல் பூசப் பூசத் துடையுங்கள், இந்த வெக்கையில் இறுகிப்போனால் தோள்பட்டை கழன்றுவிடும். எங்கள் கருத்தில், தினமும் வெளியே நிற்கும் வண்டிக்கு மேல்பூச்சு வேக்ஸ் பெரிதாக ஆயுள் கூட்டாது. கறுப்பு, கருஞ்சிவப்பு வண்டிகளுக்கு ஒரு குழைவு கொடுக்கும், ஆசைக்குப் போடலாம், அவ்வளவுதான். அதற்காகக் கடையில் இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

டிங்கரிங் முடிந்து புதிதாக பெயின்ட் அடித்த பகுதி இருந்தால் அங்கே சீலன்ட்டும் வேக்ஸும் 60 நாளாவது வேண்டாம். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழி வேண்டும்.

பெயர்களில் மயங்க வேண்டாம் என்பதற்காக இரண்டு வரி. ‘டெஃப்லான்’ 327 டிகிரி செல்சியஸில் உருகும் பொருள். தவாவில் அதைச் சூளையில் வைத்துத்தான் பிடிக்கவைக்கிறார்கள். துணியால் தேய்த்து கார் பெயின்ட்டில் அப்படிப் பிடிக்கவைக்க முடியாது. செராமிக் கோட்டிங்கில் சொல்லும் ‘9எச்’ பென்சில் கடினத்தின் அளவு, வைரத்துக்கு 10 கொடுக்கும் அளவுகோல் வேறு.

கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாகிவிட்ட இடத்துக்குப் பழைய டூத் பிரஷ்ஷும், ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்த ஆல் பர்ப்பஸ் கிளீனரும் போதும். பிடிவாதமான புள்ளிகளை ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றித் தேய்த்தால் வந்துவிடும். அடுத்த முறை அரை மணி நேரம் செலவழித்து டேப் ஒட்டிவிடுங்கள்.

கடையில்தான் கொடுப்பேன் என்றால் பொருளின் பெயர், எத்தனை கோட், நடுவே எத்தனை மணி நேரம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘கோட்டிங் சார்ஜ்’ என்று ஒற்றை வரியில் போட்டால் பின்னால் பேச எதுவும் இருக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இந்த வண்டி விஷயத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஏழு லேயரையும் வரிசையாக எழுதி, வண்டி உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் குறித்து, கீழே சீலும் குத்திக் கொடுத்திருந்தார்கள். அதையே அவர்கள் முன் வைத்து மணிக்கணக்கைக் கூட்டிக் காட்டியதும் 3,600 ரூபாய் திரும்பி வந்தது.