கல்யாண மண்டபத்தில் ஒயிட் பேலன்ஸ்: ஆட்டோவா, கெல்வினா, கிரே கார்டா?

ஒரு படத்தில் கூரைப்புடவை அரக்கு நிறத்தில் இருக்கிறது. இரண்டு நொடி கழித்து எடுத்த அடுத்த படத்தில் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. மணவறையும் அதேதான், விளக்கும் அதேதான். நான் முதலில் எடுத்த கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துப் படங்கள் முழுக்க இப்படித்தான் வந்தன. ஆல்பம் போட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். விளக்கு எந்த நிறமானாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட கேமரா செய்யும் நிறத் திருத்தம்தான் ஒயிட் பேலன்ஸ். அதை ஆட்டோவில் விட்டிருந்தேன்.

ஆட்டோ என்பது ஒரு ஊகம். படச்சட்டத்துக்குள் என்னென்ன நிறம் தெரிகிறதோ அதை வைத்து, விளக்கின் நிறம் இன்னதாக இருக்கும் என்று கேமரா கணக்குப் போடுகிறது. கூட்டத்தோடு அகலமாக எடுத்தால் பல நிறமும் கலந்திருக்கும், கணக்கு ஓரளவு சரியாக வரும். பெண்ணை நெருங்கி எடுத்தால் சட்டம் முழுக்க அரக்குப் பட்டு. வெளிச்சமே சிவப்பு போலிருக்கிறது என்று நினைத்து, கேமரா நீலத்தைக் கூட்டிவிடுகிறது.

அதற்காக ஆட்டோவை ஒதுக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை அழைப்பில் தெருவிளக்கு, கார் ஹெட்லைட், வாசல் சீரியல் பல்பு என்று பத்தடிக்கு ஒரு வெளிச்சம் மாறும். அங்கே வேறு எதை வைத்தாலும் திண்டாட்டம்தான். கேனானின் பல கேமராக்களில் ஆட்டோவிலேயே இரண்டு வகை உண்டு: ஒன்று சூழலின் மஞ்சளைக் கொஞ்சம் விட்டுவைக்கும், மற்றொன்று வெள்ளையை வெள்ளையாக்கப் பார்க்கும். குத்துவிளக்குக்கும் ஹோமத்துக்கும் எனக்கு முதல் வகைதான். விளக்கொளி டியூப்லைட் மாதிரி வெளுத்துப்போனால் அப்புறம் அது என்ன விளக்கு?

வெயில், மேகம், நிழல், பல்பு என்று படம் போட்ட தயார் அமைப்புகள் வெளியிடத்துக்குப் போதும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். கேனானில் வெயில் சுமார் 5200 கெல்வின், மேகம் 6000, நிழல் 7000, பல்பு 3200. மண்டபத்து விளக்கு இவற்றில் எதோடும் சரியாகப் பொருந்துவதில்லை.

கெல்வின் எண்ணை நாமே வைப்பதுதான் முகூர்த்தத்துக்கு என் தேர்வு. முதலில் ஒரு குழப்பத்தைத் தாண்ட வேண்டும். மெழுகுவர்த்தி 1900 கெல்வின் அளவில் மஞ்சள், நிழல் 7000-க்கு மேல் நீலம். ஆனால் கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும். நீல வெளிச்சம் அடிக்கிறது என்று நாம் சொல்ல, அதைச் சமன்செய்ய அது மஞ்சளைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். வீடியோக்காரரிடம் ஹாலஜன் விளக்கு இருந்தால் 3200-இல் ஆரம்பிக்கலாம். எல்இடி என்றால் பெரும்பாலும் 5600 பக்கம், ஆனால் நிறம் மாற்றும் வகையும் இருப்பதால் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. நாம் வைத்த எண் 300 தள்ளியிருந்தாலும் பெரிய கவலை இல்லை. நானூறு படமும் ஒரே அளவு தப்பாக இருந்தால், ஒன்றைத் திருத்தி மற்றவற்றுக்கு அப்படியே நகல் போட்டுவிடலாம். ஆட்டோவில் ஒவ்வொரு படமும் தனித்தனித் தப்பு. கெல்வினுக்கும் ஒரு குறை உண்டு: அது நீலம், மஞ்சள் இரண்டுக்கு நடுவேதான் நகரும். மலிவான எல்இடியின் பச்சை வாடையை எடுக்க, மெனுவில் பச்சை-மெஜந்தா திருத்தத்தைத் தனியாகத் தொட வேண்டும்.

துல்லியத்தில் கிரே கார்டை, அதாவது எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டையை, அடித்துக்கொள்ள ஆளில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரப்போகும் இடத்திலேயே கார்டைப் பிடித்து, அதே விளக்கில் ஒரு படம் எடுத்து, அதைக் கஸ்டமாக, அதாவது நாமே தரும் அளவாக, பதிந்துகொள்ள வேண்டும். கேனானில் பதிந்த பிறகு ஒயிட் பேலன்ஸையும் கஸ்டமுக்கு மாற்ற வேண்டும். இதை மறந்தவர்களில் நானும் ஒருவன். கார்டு இல்லையென்று பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டியைப் பிடிக்காதீர்கள். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி கண்ணுக்குத்தான் வெள்ளை. பளிச்சென்ற அச்சுத்தாளிலும் வெளுப்பேற்றிகள் இருப்பதால் அதே சிக்கல். கார்டின் பலவீனம், வீடியோக்காரர் விளக்கைத் திருப்பினால் மறுபடி எடுக்க வேண்டும் என்பது. மந்திரத்துக்கு நடுவே போய் அட்டையைக் காட்டினால் புரோகிதர் முறைப்பார். குடும்பப் படங்களுக்கு, எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, கார்டே போதும்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்பு, பிறகு மாற்றலாம், உண்மைதான். ஆனால் பின்திரையில் தெரியும் படமும், வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் பொதுவாக அந்தக் குறிப்பின்படி தயாரான ஜேபெக்கிலிருந்து வருபவை. எண் தாறுமாறாக இருந்தால், பட்டின் சிவப்பு வெடிக்காதபோதே (அளவு மீறி விவரம் போகாதபோதே) வெடித்ததாகக் காட்டும். நாம் பயந்து வெளிச்சத்தைக் குறைப்போம். அன்று மாலையே படம் கேட்கும் சித்தப்பாவுக்கு ரா கோப்பை அனுப்பவும் முடியாது.

மேலே சொன்ன எதுவும் கைகொடுக்காத இடம் வரவேற்பு மேடை. ஊதாவும் நீலமுமாக எல்இடி அடிக்கும்போது, அந்த ஒளியில் மற்ற நிறங்கள் அநேகமாக இருப்பதே இல்லை. இல்லாததை எந்த அமைப்பும் மீட்டுத் தராது. லைட் பையனிடம் போய், மேடைக்கு நேர் மேலே உள்ள இரண்டை மட்டும் வெள்ளைக்கு மாற்றச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தம்பி உடனே மாற்றிக் கொடுத்துவிடுவார்.