85 ரூபாய் பேரேடு: ஏழு மாத உபயோகத்துக்குப் பிறகு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலை 3 மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க 11 ஆகிவிடும். சாயங்காலம் ஒத்தக்கடையில் ஜிம். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் படிப்பு. படிப்பு என்றால் ஏஸ் (அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ்) என்று சொல்கிறார்களே, அவர்கள் தரும் பர்சனல் டிரெய்னர் சான்றிதழுக்கு. 3 மணி நேரத்தில் 150 கேள்வி, 800-க்கு 500 எடுத்தால் பாஸ்.

சித்திரையில் புதுக்கணக்கு போட நோட்டு வாங்கி வரச் சொன்னார் முதலாளி. டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பேப்பர் கடை. கடைக்கு நாலு பேரேடு எடுத்தபோது, என் காசில் எனக்கும் ஒன்று எடுத்தேன். லாங் சைஸ், 192 பக்கம், சிவப்புத் துணி முதுகு, நூல் தையல், 85 ரூபாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜிம்முக்கென்றே ஆன்லைனில் கெட்டி அட்டை நோட்டுகள் விற்கிறார்கள். அவற்றில் பாதி இடத்தை உற்சாக வாசகம் அடைத்துக்கொள்கிறது. எனக்கு வேண்டியது கட்டம்.

இந்தப் பேரேட்டில் ஒரு பக்கத்துக்குத் தேதி, விவரம், பக்க எண், பற்று, வரவு, பாக்கி என்று ஆறு பத்தி. பணம் எழுதுகிற பத்தி ஒவ்வொன்றும் ரூபாய்க்கு ஒன்று, பைசாவுக்கு ஒன்று என இரண்டாகப் பிரிந்திருக்கும். நான் பற்றில் எடையை எழுதுகிறேன். ரூபாய்ப் பக்கம் முழுக் கிலோ, பைசாப் பக்கம் கிலோவில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. பன்னிரண்டரைக் கிலோ டம்பல் என்றால் 12.50. எழுதும்போது வாய் தானாகப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு என்று முணுமுணுக்கும், பழக்கதோஷம். வரவில் ரெப், அதாவது நிறுத்தாமல் எத்தனை தடவை தூக்கினேன் என்பது; அப்படி ஒரு சுற்று ஒரு செட். கடைசிப் பத்தியான பாக்கிக்குத்தான் இந்த நோட்டுக்கு நான் கொடுக்கும் மார்க்கில் பாதி.

பாக்கி என்றால், செட்டை முடித்துப் பாரை வைக்கும்போது இன்னும் எத்தனை ரெப் எடுத்திருக்க முடியும் என்பது. பாடத்தில் இதை ரெப்ஸ் இன் ரிசர்வ் என்கிறார்கள். ஒரே எடையில் ஒரே எண்ணிக்கைதான் எடுத்தோம், ஆனால் போன வாரம் பாக்கி 1, இந்த வாரம் 3 என்றால் பலம் கூடியிருக்கிறது. எடையும் ரெப்பும் மட்டும் எழுதினால் இரண்டு வாரமும் ஒரே வரியாகத்தான் தெரியும். பூக்கடையில் விவசாயி கணக்கும் அப்படித்தான். எத்தனை கிலோ போட்டார், எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பது சிட்டையில் கிடக்கும். அவர் நிலவரம் தெரிய வேண்டுமென்றால் பேரேட்டில் அவர் பெயர்ப் பக்கத்தைப் புரட்டிப் பாக்கியைப் பார்க்க வேண்டும்.

இதற்கு முன்னால் எட்டு மாதம் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம், எல்லா ஆப்பும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். செட்டுக்கு நடுவே ஓய்வு நேரத்தை எண்ணிச் சொல்லும், எந்தப் பக்கம் எந்த பிளேட் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும், மூன்று மாதத்துக்கு முந்தைய பெஞ்ச் எவ்வளவு என்று கேட்டால் நொடியில் காட்டும். இந்த மூன்றையும் நோட்டு செய்யாது. ஆனால் ஒவ்வொரு புது உச்சத்துக்கும் அந்த ஆப் வண்ணக் காகிதம் தூவி, கோப்பை காட்டிக் கொண்டாடும். அந்தக் கோப்பைக்காக நான் ஸ்குவாட்டில் பாதி இறங்கி ஏறியதை முழு ரெப்பாக எண்ணியிருக்கிறேன். ஆப்பை ஏமாற்றினேன் என்று சொல்வதா, என்னையே என்று சொல்வதா, தெரியவில்லை.

இன்னொன்று, மொத்த எடை என்று தினமும் ஒரு எண்ணைப் போடும். எடை, ரெப், செட் மூன்றையும் பெருக்கி, எல்லாப் பயிற்சியையும் ஒன்றாகக் கூட்டிய எண் அது. ஸ்குவாட்டில் 80 கிலோ, 5 ரெப், 3 செட் என்றால் 1,200. லெக் பிரஸ் மெஷினில் 100 கிலோ, 12 ரெப், 3 செட் என்றால் 3,600. ஸ்குவாட்டை விட்டுவிட்டு லெக் பிரஸ் செய்த நாளில் முன்னேற்றம் மூன்று மடங்கு என்று கொடி பறக்கும். மல்லிகைக் கிலோவையும் சம்பங்கிக் கிலோவையும் கூட்டி ஒரே வரியில் எழுதினால் முதலாளி என்னை மார்க்கெட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார். ஒரே பயிற்சியை அதே பயிற்சியோடு ஒப்பிடும்போதுதான் அந்தப் பெருக்கலுக்கு அர்த்தம் உண்டு. நோட்டில் பயிற்சிக்கு ஒரு பக்கம் என்பதால் இந்தக் குழப்பமே வராது.

ஒன் ரெப் மேக்ஸ் விஷயத்திலும் நன்றாக ஏமாந்தேன். ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையை, தூக்கிப் பார்க்காமலே மதிப்பிட வாய்பாடுகள் உண்டு. எப்லி வாய்பாட்டில் ரெப்பை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். பிரிஸ்கி வாய்பாட்டில் எடையை 36-ஆல் பெருக்கி, 37-இலிருந்து ரெப்பைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 40 கிலோவை நான் 15 தடவை தள்ளியதும் என் உச்சம் 60 என்றது ஆப். நம்பிப் போய் 55-ஐ ஏற்றினேன். நெற்றிக்கு மேலே போகவில்லை, மாஸ்டர் ஓடிவந்து பாரைப் பிடித்தார். அப்புறம் நோட்டில் கையால் போட்டுப் பார்த்தேன். 5 ரெப்புக்கு எப்லி 46.67 தருகிறது, பிரிஸ்கி 45. 10 ரெப்பில் இரண்டும் அச்சாக 53.33. 15-க்குப் போனால் ஒன்று 60 என்கிறது, மற்றது 65.45 என்கிறது. பத்தைத் தாண்டிய ரெப்பை வைத்து உச்சத்தைக் கணிக்காதே என்று படித்தது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு நான் நோட்டைச் சொல்வதற்குக் காரணமே இதுதான். ஆப் விடையைக் கொடுத்துவிடும், பரீட்சை வழியைக் கேட்கும்.

ஓவர்ஹெட் பிரஸ் பக்கம் இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுத்தது. பாடத்தில் டபுள் புரோகிரஷன் என்று ஒரு முறை. 8 முதல் 12 ரெப் என்று வரம்பு வைத்து, முதலில் ரெப்பைக் கூட்டி 12-ஐத் தொட்டதும் எடையில் சுமார் 5 சதவீதம் ஏற்ற வேண்டும். 40 கிலோவுக்கு 5 சதவீதம் 2 கிலோ. எங்கள் ஜிம்மில் ஆகச் சிறிய பிளேட் இரண்டரைக் கிலோ, பக்கத்துக்கு ஒன்று போட்டால் 5 கிலோ ஏறிவிடும். அது பன்னிரண்டரை சதவீதம். பக்கத்தைப் பார்த்தால் ஆறு வாரமாக 40, 45, மறுபடி 40 என்று ஊஞ்சல் ஆடியிருக்கிறேன். உடம்பில் கோளாறு இல்லை, பிளேட்டில்தான் கோளாறு.

தெரிந்த லேத் பட்டறையில் போய், அரைக்கிலோ வட்டு நாலு வேண்டும் என்றேன். 8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம் என்று பட்டறை அண்ணன் சாக்பீஸால் தரையிலேயே கணக்குப் போட்டார். எங்கள் பாரின் முனை 50 மில்லிமீட்டர், அதனால் ஓட்டை 52. வெளி விட்டம் 113 வைத்தால் அரைக்கிலோ. வெட்டி, பிசிறு தேய்த்துக் கொடுத்ததைக் கடைத் தராசில் வைத்தேன், மல்லி நிறுக்கும் அதே தராசு. 496, 503, 498, 505. வாழ்க. அதற்கப்புறம் 41, 42 என்று அந்தப் பக்கம் படியேறத் தொடங்கியது. இப்போது 47 கிலோ, 8 ரெப், பாக்கி 2.

விவரப் பத்தியின் ஓரத்தில் தூங்கிய நேரத்தைக் குறிப்பது என் சொந்தச் சேர்க்கை. ஆவணி முகூர்த்த வாரங்களில் நள்ளிரவுக்கே கடைக்குப் போக வேண்டியிருக்கும். அந்த வரிகளைப் பாருங்கள்: தூக்கம் ஏழு மணி நேரம், ஸ்குவாட் 80, ரெப் 5, பாக்கி 3. அடுத்த வாரம் தூக்கம் நாலு, அதே 80, அதே 5, பாக்கி 0. ஆப்பாக இருந்தால் இரண்டையும் ஒன்றாகக் காட்டி, அடுத்த முறை 82.50 போடு என்று சொல்லியிருக்கும். என்.எஸ்.சி.ஏ. என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கத்துக்காரர்கள் டூ ஃபார் டூ என்று ஒரு விதி சொல்வார்கள். கடைசி செட்டில் இலக்கைவிட இரண்டு ரெப் கூடுதலாக, அடுத்தடுத்து இரண்டு முறை எடுத்தால்தான் எடையை ஏற்ற வேண்டும். முகூர்த்த மாதத்துக்கு நான் அந்த விதியைத்தான் வைத்திருக்கிறேன். பூ மார்க்கெட்காரனுக்கு அவசரம் ஆகாது.

நோட்டின் பின்பாதி அக்காவுக்கு. பெரியம்மா மகள், 47 வயது, நாள் முழுக்கச் சம்மணம் போட்டுப் பூக்கட்டுகிற கை. படிக்கிற காலத்திலேயே ஒருவரை வைத்துப் பழக வேண்டும் என்று அவளைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். முதல் வேலையாக, பயிற்சிக்கு முன் உடல்நிலையைக் கேட்டறியும் பார்-கியூ பிளஸ் படிவத்தின் ஏழு கேள்விகளையும் தமிழில் எழுதி அவள் பக்கத்தில் ஒட்டினேன். நெஞ்சு வலி உண்டா, தலைசுற்றல் உண்டா என்று கேட்கக் கேட்க, "என்னடா தம்பி, ஆஸ்பத்திரியில சேக்கப் போறியா?" என்றாள்.

அவளுக்குக் கொடுத்தது நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. முதலில் நாற்காலி மேல் இரண்டு பலகை போட்டு உயர்த்தினேன். ஐந்தாம் வாரம் ஒரு பலகையை எடுத்தேன், ஒன்பதாம் வாரம் அடுத்ததையும். அதுவரை எடை பூஜ்யம், உயரம் மட்டும் குறைகிறது. ஆப்பில் இதை எங்கே எழுதுவது? எடைக்கும் ரெப்புக்கும் மட்டும்தான் கட்டம் இருக்கிறது, பலகைக்கு இல்லை. நம் ஊர் இளவட்டக்கல்லும் இதே கதைதான். கல்லின் எடை மாறப்போவதில்லை. இந்த வருஷம் முழங்கால் வரை, அடுத்த வருஷம் நெஞ்சு வரை, அப்புறம் தோளுக்கு மேல். அதை முன்னேற்றம் இல்லையென்று எந்த ஊர் பெரிசாவது சொல்லுமா? பேரேட்டில் விவரப் பத்தி அகலமானது. "பலகை 2", "பலகை 1", "வெறும் நாற்காலி", கடைசியாக "அரிசிப் பை 5 கிலோ, கட்டிப் பிடித்து".

அக்காவுக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. "பாக்கின்னா என்னடா? நான் யாருக்குக் கடன்?" என்று கேட்டாள். இன்னும் எத்தனை தடவை எந்திரிக்க முடியும்னு தோணுதோ அதுக்கா என்றேன். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள், பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். அவள் 2 என்று சொன்ன நாளில், சும்மா எண்ணிப் பாருக்கா என்றேன். 9 எடுத்தாள். அந்தக் கட்டத்தில் 2-ஐ அடித்து மேலே 9 என்று எழுதி வைத்திருக்கிறேன். அழித்து எழுதக் கூடாது, அடித்துத்தான் எழுத வேண்டும் என்பது முதலாளி சொல்லிக்கொடுத்த பாடம்.

குறைகளுக்கு வருகிறேன். ஜெல் பேனா ஆகவே ஆகாது. டெட்லிஃப்ட் முடித்த கையோடு தொட்டால் வைகாசி மாதம் முழுக்க நீலச் சேறு. சாதாரணப் பால்பாயிண்ட் தாங்குகிறது. லாங் சைஸ் என்பதால் பையில் வளைந்து ஓரம் மடங்கும். பெஞ்சில் வைத்தால் அடுத்தவர் துண்டைப் போடுகிறார். தாள் மெல்லிசு, அழுத்தி எழுதினால் மறுபக்கம் புடைக்கும். எல்லாவற்றையும்விட, நகல் கிடையாது. புரட்டாசி மழையில் டிவிஎஸ் வண்டியின் பெட்டியில் தண்ணீர் இறங்கி, பெஞ்ச் பிரஸ் பக்கம் இரண்டு ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் படம் எடுத்து வைக்கிறேன். படம் தேடிக் கண்டுபிடிக்க உதவாது, இழக்காமல் இருக்க மட்டும் உதவும். வரைபடமும் இல்லை. மாதக் கடைசியில் நானே கிராஃப் தாளில் புள்ளி வைக்கிறேன், அரை மணி நேரம் ஆகிறது. கடையில் ஐந்தொகை போடுகிறவனுக்கு அது பெரிய வேலை இல்லை, மற்றவர்களுக்குச் சலிப்பு தட்டும்.

யாருக்கு ஆகும் என்று கேட்டால், நாலைந்து பயிற்சியை மாற்றாமல் தொடர்ந்து செய்பவர்களுக்கு, பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு, தன்னைத் தவிர இன்னொருவர் கணக்கையும் பார்ப்பவர்களுக்கு. தினம் ஒரு புதுப் பயிற்சி பார்த்து மாற்றுகிறவர்கள் ஆப்பிலேயே இருக்கலாம், பேரேட்டில் பக்கம் திறந்தே களைத்துவிடுவார்கள். நானும் ஆப்பை முழுதாக அழிக்கவில்லை, ஓய்வு நேரத்தை எண்ண வைத்திருக்கிறேன்.

வாங்கும்போது முதுகை விரித்துப் பாருங்கள். நடுவில் நூல் தெரிந்தால் எடுங்கள், பசை மட்டும் தெரிந்தால் வைத்துவிடுங்கள். பசை போட்டது 5 ரூபாய் மலிவு, ஆனால் மேசையில் விரித்தால் நிற்காது. கையில் டம்பலை வைத்துக்கொண்டு பக்கத்தை முழங்கையால் அழுத்திப் பிடித்திருக்க முடியாது. என் நோட்டில் இன்னும் 11 பக்கம் இருக்கிறது. போன வாரமே போய் அடுத்ததை வாங்கிவிட்டேன், 90 ரூபாய் ஆகிவிட்டது. மார்கழிப் பனி விழுந்து மல்லி வரத்து குறைவதற்குள் பரீட்சையை எழுதிவிட வேண்டும், அப்புறம் கடையில் லீவு கேட்க முடியாது.