தடையை எடுப்பதா, கேபிளை மாற்றுவதா, கார்டு வாங்குவதா?

போன மாதம் ரங்கூனில் ஒரே வாரத்தில் இரண்டு கணினிகள் என்னிடம் வந்தன. ஒன்று கோயில் அலுவலகத்தில் வரவுசெலவு எழுதும் பெட்டி. மற்றது கல்யாண வீடியோ வெட்டும் நண்பருடையது. இரண்டிலும் லினக்ஸ், இரண்டிலும் சாட்டா கேபிளில் இணையும் எஸ்எஸ்டி வட்டு, இரண்டும் ஆமை. "ஒரு ரசீதைத் திறக்குறதுக்குள்ள வெத்தலை மென்னு முடிச்சிடலாம் தம்பி" என்றார் கோயில் கணக்குப்பிள்ளை.

இரண்டிலும் எஸ்எஸ்டியில் பழுது இல்லை. வட்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் வேகத்தைப் பிடித்து வைத்திருந்தது, ஆனால் பிடித்த இடம் வேறு.

வீடியோ பெட்டியில் சின்னக் கோப்புகள் சட்டென்று திறந்தன. பெரிய கோப்பை நகலெடுத்தால் விநாடிக்கு 150 எம்பியைத் தாண்டவில்லை. இது சாட்டா இணைப்பு விநாடிக்கு 6 ஜிகாபிட்டிலிருந்து 1.5க்கு இறங்கியதன் அடையாளம். தகவல் பரிமாற்றத்தில் பிழைகள் குவிந்தால் லினக்ஸின் மையமான கெர்னல் தானாகவே இப்படி இறக்கிவிடும், பதிவிலும் எழுதி வைக்கும். ரீபூட் செய்தால் வேகம் திரும்பும். பிழை தொடர்ந்தால் மறுபடி இறங்கும். வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண், அதாவது வழியில் கெட்டுப்போன தகவல்களை எண்ணும் சிஆர்சி பிழைக் கணக்கு, ஏறிக்கொண்டே இருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். இங்கே வேறு எந்த வழியையும் யோசிக்கவே வேண்டாம். கேபிள்தான் மலிவு, அதுதான் மருந்தும். நண்பருக்கு அதோடு முடிந்தது.

கோயில் பெட்டி நேர்மாறு. பெரிய நகல் நன்றாக ஓடியது, ஒரே நேரத்தில் நூறு சின்ன வாசிப்புகள் வந்தால் மூச்சு வாங்கியது. வரிசை ஆழத்தை, அதாவது வட்டுக்கு ஒரே நேரத்தில் எத்தனை கட்டளை போகலாம் என்பதைப் பார்த்தேன்: 1. என்சிக்யூ அணைந்திருக்கிறது. பையனைத் தெயின்ஜி சந்தைக்கு அனுப்பும்போது எல்லாச் சாமானையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் என்சிக்யூ. 32 கட்டளைகள் வரை ஒன்றாகக் கொடுக்கலாம். அது இல்லையென்றால் உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை.

அணைத்தது யார்? கணினி தொடங்கும்போது கெர்னல் படிக்கும் பூட் வரியில் என்சிக்யூவை நிறுத்தும் ஒரு அளவுரு இருந்தது. சில வருடங்களுக்கு முன் இதே பெட்டியில் இருந்த பழைய வட்டு அடிக்கடி உறைந்தபோது அதைச் சேர்த்தவன் நானேதான். பிறகு வட்டை மாற்றி, அப்படியே குளோன் செய்ததில் அதுவும் கூடவே வந்துவிட்டது. எடுத்தேன், ஆழம் 32 ஆனது. காசு செலவில்லாத வழி, காரணம் ஏற்கனவே போயிருந்தால் இதற்கு ஈடில்லை.

ஆனால் தடையைப் போட்டது கெர்னலுக்குள்ளேயே இருக்கும் தொல்லை வட்டுகளின் பட்டியல் என்றால் கதை வேறு. 2021இல் சாம்சங் 860, 870 எஸ்எஸ்டிகளை ஏடிஐ சாட்டா கன்ட்ரோலர்களோடு (கணினியில் வட்டுகளைக் கையாளும் சில்லுகள்) இணைத்தவர்கள் பலர் தொல்லைகளைச் சொன்னார்கள். என்சிக்யூவை முழுதாக அணைத்தால்தான் அடங்கியது. அதனால் அந்தச் சேர்க்கைக்கு மட்டும் அணைக்கும் விதி கெர்னலில் சேர்ந்தது. அதே எஸ்எஸ்டி வேறு கன்ட்ரோலரில் முழு வேகத்தில் ஓடலாம். இந்த விதியை மீறவும் ஒரு அளவுரு உண்டு. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் கோயில் கணக்கை வைத்து அந்தச் சூதாட்டம் ஆட எனக்குத் துணிச்சல் இல்லை. தலைவலி போய்த் திருகுவலி வரும்.

அப்போதுதான் வேறு கன்ட்ரோலரோடு தாய்ப்பலகையில் செருகும் தனி பிசிஐஇ கார்டுக்கு அர்த்தம் வருகிறது. ஏஎஸ்எம்1061 சில்லு வைத்த கார்டு போதும்; என்சிக்யூ திரும்பக் கிடைக்கும். குறை என்ன? பிசிஐஇ 2.0இல் ஒரே லேன், அதாவது ஒரே தகவல் பாதை, கணக்குப்படி உச்சம் விநாடிக்கு 500 எம்பி, அதையும் இரண்டு போர்ட்டுகள் பங்கு போடும். வீடியோ வெட்டுபவர் முணுமுணுப்பார், ரசீது எழுதுபவருக்குத் தெரியவே தெரியாது.

யூஎஸ்பி பெட்டியில் போட்டுச் சமாளிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அங்கேயும் யூஎஸ்பியையும் சாட்டாவையும் இணைக்கும் சில பாலச் சில்லுகளுக்கு, பல கட்டளைகளை ஒன்றாக அனுப்பவிடும் யுஏஎஸ் முறை அணைக்கப்பட்டிருக்கும். மறுபடி உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடைதான்.