ஸ்கிரிப்ட் காட்டட்டும், கை அழுத்தட்டும்

ஒரு சிற்றிதழின் எக்ஸ் கணக்கைச் சில ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். கட்டுரைகளைப் பதிவிடுவதைவிட அதிக நேரத்தை விழுங்கிய வேலை, பின்தொடர்பவர் பட்டியலைச் சுத்தம் செய்வதுதான். போலிக் கணக்குகள் புற்றீசல்போல வந்து சேரும். ஒவ்வொன்றாகப் பார்த்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, நீக்கு என்று சொல்லி, மறுபடியும் உறுதிசெய்ய வேண்டும். இந்தச் சலிப்பைக் குறைக்கத்தான் உலாவியில் ஸ்கிரிப்டுகளை, அதாவது பக்கத்தின் மீது இயங்கும் சின்னச் சின்ன நிரல்களை, வைத்துக்கொண்டேன். இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: யாரைப் பார்க்க வேண்டும் என்பதை ஸ்கிரிப்ட் காட்டலாம், நீக்கும் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும்.

தொடக்கத்தில் புக்மார்க்லெட் போதுமானதாக இருந்தது. பார்ப்பதற்குச் சாதாரண புக்மார்க்தான். இணைய முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இருக்கும். சொடுக்கினால், திறந்திருக்கும் பக்கத்தின் மீதே அது இயங்கும். என்னுடையது சில வரிகள்தான். நாம் பின்தொடரும் கணக்குகளின் பட்டியலில், நம்மையும் பின்தொடர்பவர்களின் பெயருக்கு அருகே சிறு குறிப்பு ஒன்று இருக்கும். அந்தக் குறிப்புள்ள வரிசைகளை நிரல் மங்கலாக்கிவிடும். மற்றவை பளிச்சென்று நிற்கும். இன்னொரு நிரல், நம்மைப் பின்தொடர்பவர் பட்டியலில் படம் வைக்காத கணக்குகளைத் தேடுகிறது. அவற்றின் பட முகவரியில் ‘டிஃபால்ட் ப்ரொஃபைல்’ என்ற சொற்கள் இருக்கும்; அதைக் கண்டதும் வரிசைக்கு மஞ்சள் பூசிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பட்டியல் முழுவதும் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருப்பதில்லை. திரையில் தெரிபவையும் அக்கம்பக்கத்துச் சிலவும் மட்டுமே இருக்கும். உருட்ட உருட்டப் பழையவை அகற்றப்பட்டுப் புதியவை சேரும். எனவே ஒருமுறை இயங்கி நின்றுவிடும் புக்மார்க்லெட்டை மீண்டும் மீண்டும் சொடுக்க வேண்டியிருந்தது. அதனால், நம் நிரல்களை வைத்துக்கொண்டு பக்கம் திறந்ததும் தானே இயக்கும் டேம்பர்மங்கி என்ற உலாவி நீட்சிக்கு மாறினேன். 2004இல் ஃபயர்பாக்ஸுக்கு வந்த கிரீஸ்மங்கி என்ற இதே வகை நீட்சியின் வழியில், குரோமுக்காகப் பின்னர் உருவானது இது. இதில், பக்கத்தில் நேரும் மாற்றங்களைக் கண்காணிக்கும் மியூட்டேஷன் அப்சர்வர் என்ற உலாவி வசதியைச் சேர்த்து எழுதினால், புதிய வரிசை தோன்றும்போதெல்லாம் நிரல் தானே கவனித்துக் குறியிடும். எழுதும்போது, பக்கத்தின் உறுப்புகளை, தோற்றத்தை அமைக்க அவற்றுக்கு இடப்பட்ட ‘கிளாஸ்’ பெயரால் தேடாதீர்கள். அவை பொருளற்ற எழுத்துக் கோவைகள், அடிக்கடி மாறுபவை. உறுப்பை அடையாளம் காட்டும் ‘டேட்டா-டெஸ்ட்ஐடி’ என்ற பண்பைப் பிடித்துக்கொண்டால் நிரல் நெடுநாள் தாங்கும்.

தானாகவே நீக்கிவிடும் ஸ்கிரிப்டுகளும் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவை வேண்டவே வேண்டாம் என்பேன். நிரல்களுக்கென்று தளமே தரும் ஏபிஐ என்ற இணைப்பின் வழியாக அல்லாமல் தளத்தை ஸ்கிரிப்டால் இயக்கினால் கணக்கே நிரந்தரமாக முடக்கப்படலாம் என்று எக்ஸின் விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. அதைவிட எனக்கு முக்கியமான காரணம் வேறு. மஞ்சள் பூசிய வரிசைகளை நிதானமாகப் பார்த்தால், அவர்களில் கணிசமானோர் எங்கள் மூத்த வாசகர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் படமும் வைப்பதில்லை, தன்குறிப்பும் எழுதுவதில்லை. ஆனால் ஒவ்வொரு இதழையும் வரிவிடாமல் படிப்பவர்கள். நிரலின் கண்ணுக்கு அவர்களும் போலிகளும் ஒன்றுதான். ஆண்டுக்கணக்கில் சேர்த்த வாசகரை ஒரு நொடியில் இழக்க நான் தயாராக இல்லை.

பாதுகாப்பிலும் கறாராக இருங்கள். உள்நுழைந்த பக்கத்தில் இயங்கும் ஸ்கிரிப்ட், உங்கள் பெயரில் நீங்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிடும். யாரோ தந்த நிரலை ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஃபேஸ்புக், உலாவியில் நிரலை நேரடியாக ஒட்டி இயக்கும் இடமான கன்சோலைத் திறந்ததும் பெரிய எழுத்தில் எச்சரிக்கிறது. பிறர் எழுதியதை எடுத்தால் முழுவதும் படித்துப்பார்க்கிறேன். எந்தத் தளத்தில் இயங்கும் என்பதை நிரலின் தலைப்பிலுள்ள ‘மேட்ச்’ வரியில் சரிபார்க்கிறேன். தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுகிறேன். குரோம் 138 முதல், நீட்சியின் விவரப் பக்கத்தில் பயனர் ஸ்கிரிப்டுகளுக்குத் தனியாக அனுமதி தர வேண்டும். நிரல் திடீரென ஓடவில்லையென்றால் முதலில் அங்கே பாருங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு நான் ஸ்கிரிப்டே பயன்படுத்துவதில்லை. உங்கள் தரவைப் பதிவிறக்கும் வசதியில் நம்மைப் பின்தொடர்பவர்கள், நாம் பின்தொடர்பவர்கள் என இரண்டு பட்டியல்களும் கோப்பாகவே வந்துவிடும். கணினியில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் அந்த வேலையும் இல்லை. நெடுநாள் செயல்படாத கணக்குகளை வடிகட்டி, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கும் பக்கத்தை அமைப்புகளிலேயே தந்திருக்கிறார்கள்.