மூன்று லட்சத்துக்கு மேலே: டிடக்டிபிள் பாலிசியுடன் ஒன்பது ஆண்டுகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் என் மனைவிக்கும் 2016 ஜூன் முதல் டிடக்டிபிள் வைத்த மருத்துவக் காப்பீடு இருந்து வருகிறது. இடையில் ஒருமுறை திட்டத்தை மாற்றினோம். மூன்று முறை மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. மாதச் சம்பளம் இல்லாத குடும்பம் இத்தகைய பாலிசியை எடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை அந்த மூன்று முறையும் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

டிடக்டிபிள் என்பது, காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தொடங்குவதற்கு முன் நம் பக்கத்திலிருந்து தீர வேண்டிய முதல் தொகை. அதைச் சொந்தப் பணத்தில் கட்டலாம்; வேறொரு பாலிசி கட்டினாலும் சரி. கோ-பே என்பது வேறு. அதில் ஒவ்வொரு கிளைமிலும், அதாவது நிறுவனத்திடம் பணம் கேட்கும் ஒவ்வொரு முறையும், குறிப்பிட்ட சதவீதத்தை நாம் ஏற்க வேண்டும். டிடக்டிபிள் கூடக் கூடப் பிரீமியம் குறையும். 2016-இல் என்னை ஈர்த்தது அந்தக் குறைந்த பிரீமியம்தான். "அண்ணே, மூணு லட்சத்துக்கு மேலே வந்தா நாங்க பாத்துக்குவோம்" என்று முகவர் சொன்னார். டிடக்டிபிள் இல்லாத சாதாரண அடிப்படைப் பாலிசி எதுவும் இல்லாமல், மூன்று லட்சம் டிடக்டிபிளுடன், அதற்கு மேலான செலவை மட்டும் ஏற்கும் டாப்-அப் பாலிசி ஒன்றை எடுத்தேன். அந்த மூன்று லட்சம் ஒவ்வொரு முறைக்குமா, ஓர் ஆண்டின் மொத்தத்துக்கா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2019 ஜனவரியில் மனைவிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. மதுரை மருத்துவமனையில் 1,40,000 ரூபாய் ஆயிற்று. அதே ஆண்டு மே மாதம் படகுத்துறையில் வழுக்கி விழுந்து எனக்குக் கால் எலும்பு முறிந்தது, 2,30,000 ரூபாய். இரண்டும் ஒரே பாலிசி ஆண்டில் வந்தவை, கூட்டினால் 3,70,000. ஆயினும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. டாப்-அப் பாலிசியில் டிடக்டிபிள் ஒவ்வொரு முறை மருத்துவமனையில் சேரும்போதும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். இரண்டு செலவில் எதுவும் தனியாக மூன்று லட்சத்தைத் தாண்டவில்லை. சூப்பர் டாப்-அப் பாலிசியில் ஆண்டு முழுவதும் ஆன செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள். அது என்னிடம் இருந்திருந்தால் சுமார் 70,000 ரூபாய் வந்திருக்கும்.

அந்த மே மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்த்து, வலைகளைச் சரிசெய்வது அப்போதுதான் என்பதால் எங்கள் கடையில் சரக்கு நன்றாக நகரும். ஆனால் முக்கால்வாசி கடனுக்குப் போகும். படகுகள் மீண்டும் கடலுக்குப் போய்ச் சில வாரங்கள் ஆன பிறகே அந்தப் பணம் கைக்கு வரும். ஏட்டில் லட்சக்கணக்கில் வரவு எழுதியிருந்த அந்த மாதத்தில், மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் மருத்துவமனையில் முன்பணம் கட்டினோம். டிடக்டிபிளாக ஏற்றுக்கொள்ளும் தொகை, ஆண்டிலேயே பணம் மிகவும் இறுகிய மாதத்தில் ஓரிரவில் புரட்டக்கூடியதாகவோ, வேறொரு பாலிசி கொடுத்துவிடக்கூடியதாகவோ இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அன்றுதான் வந்தேன். ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்துக் கணக்குப் போடுவது எங்களைப் போன்ற கடற்கரைக் குடும்பங்களுக்குப் பொருந்தாது.

2020-இல் மூன்று லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசி ஒன்றை வேறொரு நிறுவனத்தில் எடுத்தேன். பழைய டாப்-அப்பை, மூன்று லட்சம் டிடக்டிபிளும் பத்து லட்சம் காப்பீட்டுத் தொகையும் உள்ள சூப்பர் டாப்-அப்பாக மாற்றிக்கொண்டேன்.

2023-இல் எனக்கு இதய ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மொத்த பில் 4,10,000 ரூபாய். கையுறை போன்ற பொருள்களுக்கும் பதிவுக் கட்டணத்துக்குமாக 18,000 ரூபாயைக் கிளைமில் சேராது என்று கழித்தார்கள். மீதி 3,92,000-இல் அடிப்படைப் பாலிசி மூன்று லட்சத்தையும் சூப்பர் டாப்-அப் 92,000 ரூபாயையும் தந்தன. கழிக்கப்பட்ட 18,000 என் கையிலிருந்து போனது. அது டிடக்டிபிள் கணக்கிலும் சேரவில்லை. மதுரைக்குச் சுமார் 150 கிலோமீட்டர் கார் வாடகை, துணைக்கு வந்தவர்கள் தங்கிய செலவு, சாப்பாடு ஆகியவையும் எந்தக் கணக்கிலும் வராது. நம் கடற்கரையிலிருந்து போகிறவர்கள் அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அறை வாடகையிலும் கவனம் தேவை. என் அடிப்படைப் பாலிசியில் நாளொன்றுக்கு 3,000 ரூபாய்தான் வரம்பு. அதைவிட உயர்ந்த அறையை எடுத்தால், மருத்துவர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். அதனால் 3,000 ரூபாய் அறையையே கேட்டு வாங்கினோம்.

அந்த 92,000 ரூபாயை வாங்குவதற்குள் நிறைய அலைந்தோம். மருத்துவமனையில் சேர்ந்ததுமே இரண்டாவது நிறுவனத்துக்கும் தகவல் சொல்லியிருக்க வேண்டும். செலவு மூன்று லட்சத்தைத் தாண்டிய பிறகு சொன்னால் போதும் என்று இருந்துவிட்டேன். தாமதத்துக்கு விளக்கம் கேட்டார்கள். அசல் பில்கள் முதல் நிறுவனத்திடம் போய்விட்டதால், சான்றிட்ட நகல்களையும் அந்த நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்பதற்கான கடிதத்தையும் வாங்கி அனுப்பிய பிறகே பணம் வந்தது. இரண்டு பாலிசிகளையும் ஒரே நிறுவனத்தில் எடுத்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறையும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஓட்டை, நல்லவேளையாக, நாங்கள் விழுவதற்கு முன்பே கண்ணில் பட்டது. எங்கள் அடிப்படைப் பாலிசி அக்டோபரில் தொடங்கியது, சூப்பர் டாப்-அப் ஜூனில் தொடங்கியது. மார்ச் மாதச் சிகிச்சை ஒன்றில் அடிப்படைப் பாலிசியின் மூன்று லட்சமும் தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் மீண்டும் படுத்தால் அக்டோபர் வரை அந்தப் பாலிசியில் பணம் இருக்காது. சூப்பர் டாப்-அப்பிலோ ஜூனில் புது ஆண்டு பிறந்துவிட்டதால் டிடக்டிபிள் மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். இரண்டு லட்சம் செலவானால் இரண்டும் கைவிரிக்கும். புதுப்பிக்கும் சமயத்தில் நிறுவனத்திடம் பேசி இரண்டையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்தோம்.

வேலை செய்யும் நிறுவனம் தரும் குழுக் காப்பீட்டை நம்பிச் சூப்பர் டாப்-அப் எடுப்பவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். வேலையை விட்டதும் குழுக் காப்பீடு போய்விடும். டிடக்டிபிள் அப்படியே இருக்கும். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இது நிஜமாகவே நேரக்கூடியது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள், பிரீமியம் கட்டுவதற்கு முன், ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை பாதுகாப்புத் தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வாங்கிவிட வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. ஆனாலும் வயது ஏற ஏற அடிப்படைப் பாலிசியின் பிரீமியம் உயர்ந்துகொண்டே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, டிடக்டிபிளை ஐந்து லட்சமாக உயர்த்தினால் ஆண்டுக்குக் கணிசமாக மிச்சமாகும் என்று முகவர் சொன்னார். சென்ற தடைக்காலத்தின் நடுவில், மே மாதம், கையிலும் வங்கியிலும் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்தேன். 1,70,000 ரூபாய் இருந்தது. இரண்டு பாலிசிகளையும் பழையபடியே புதுப்பித்துவிட்டு, கிளைமுக்கு அழைக்க வேண்டிய இரு நிறுவனங்களின் தொலைபேசி எண்களையும் எழுதிப் பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டினேன். மனைவி அவற்றைத் தம் கைப்பேசியிலும் பதிந்துகொண்டார்.