காஃப்மனா, காலினா? டெக்சஸில் வீடு தேடிய கதை

வீடு வாங்கும் நினைப்பு வந்ததும், டாலஸைச் சுற்றி எந்தக் கவுண்ட்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆட்கள் குடிபோகிறார்கள் என்றுதான் முதலில் பார்த்தேன். நாலு பேர் தேடி வருகிற இடத்தில்தானே நாளைக்கு விற்கவும் முடியும்?

டாலஸ் கவுண்ட்டி முதலிலேயே கழிந்தது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் அங்கே மக்கள்தொகை 10 சதவீதம் கூடியது. ஆனால் அது பிறப்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களாலும்தான். உள்நாட்டுக் கணக்கில் வந்தவர்களைவிடக் கிளம்பியவர்களே அதிகம்.

மிஞ்சியவை காஃப்மனும் காலினும். 2022-23-ல், 20,000 பேருக்கு மேல் உள்ள அமெரிக்கக் கவுண்ட்டிகளில் மிக வேகமாக வளர்ந்தது காஃப்மன்: ஒரே ஆண்டில் 7.6 சதவீதம். கேட்டதும் ஆசை வந்தது. ஆனால் விகிதம் கொஞ்சம் கண்கட்டு வித்தை. 2020 வரையான பத்தாண்டில் காஃப்மன் 41 சதவீதம் வளர்ந்தது என்றால் கூடியவர்கள் சுமார் 42,000 பேர். காலினின் 36 சதவீதம் 2,82,000 பேர்.

விலை, இடவசதி இரண்டிலும் காஃப்மனுக்கே ஜெயம். அதில் பேச ஒன்றுமில்லை. என்னை நிறுத்தியது வரி. காஃப்மனில், ஃபோர்னி ஊர்ப் பக்கம் நான் பார்த்த புது வீடு ஒரு 'மட்' எல்லைக்குள் இருந்தது. நகராட்சிக் குழாய் எட்டாத இடத்தில் தண்ணீர், சாக்கடை வசதி செய்து தரும் அமைப்பு அது. கடன் பத்திரம் விற்றுச் செலவழித்துவிட்டு, சொத்து வரியாக நம்மிடம் வசூலிக்கும். 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர் வரை கேட்கிற மட்கள் உண்டு. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர். பள்ளி வரி, கவுண்ட்டி வரியெல்லாம் தனி. சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்குக் கிடைக்கும் பெரிய வரிச் சலுகை பள்ளி வரிக்கு மட்டும்தான். விற்பவர் சட்டப்படி தர வேண்டிய மட் அறிவிப்பு, கட்டுக்கட்டான காகிதங்களுக்கு நடுவே இருந்தது. மனைவிதான் அதை எடுத்து நீட்டினாள். மாதக் கணக்குப் போட்டுப் பார்த்தால், விலையில் மிச்சமானதில் பெரும்பங்கு வரியிலேயே போகிறது.

ஊர் நிரம்ப நிரம்ப, கடன் அடைய அடைய, மட் வரி குறையும் என்பார்கள். பொதுவாக அப்படித்தான் நடக்கும். அதுவரை பொறுத்திருக்க எங்களால் ஆகவில்லை. பள்ளிகளைப் பற்றி நான் பேசினால் எடுபடாது, மகன் இப்போதுதான் நடை பழகுகிறான்.

கடைசியில் காலின் கவுண்ட்டியில், பிளேனோவில் பழைய வீடு. மட் இல்லை. கோடையில் அஸ்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் விடுவது மட்டும் தொல்லை. காய்ந்தால் சுருங்கும் கரிசல் மண். ஃபோர்னி நண்பரிடம் புலம்பினேன். அவரும் குழாயும் கையுமாகத்தான் நின்றிருந்தார்.